படியாளும் கடைப்படியும்

எங்க ஆயா கடைக்குப் போனால் கை நீட்டாது. முந்தானையை விரிக்கும். கடைக்காரர் மேலே நின்றுகொண்டு உப்பையோ மிளகாயையோ அளந்து தூக்கிப் போடுவார். ஆயா கீழே நின்று ஏந்திக்கொள்ளும். காசைக் கையில் கொடுக்க முடியாது. கடைப்படி ஓரத்தில் ஒரு பலகை கிடக்கும், அதன்மேல் வைக்க வேண்டும். கடைக்காரர் ஒரு கை தண்ணியைத் தெளித்துவிட்டு அப்புறம் எடுத்துக் கல்லாவில் போடுவார். இது ஆயா எங்க ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுசில், 1950களில் நடந்தது. தீண்டாமையை ஒழித்தாகிவிட்டது என்று அரசியல் சட்டம் எழுதி முடித்த பிறகு நடந்தது.

2016இல் ஆயாவை சிதம்பரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தோம். செருப்பைக் கழட்டி வெளியே விடப் பார்த்தது, வேண்டாம் என்றேன். உள்ளே ஒரு தொட்டியில் அரிசியைக் குவித்து வைத்திருந்தார்கள். ஆயா சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு மெதுவாக அதற்குள்ளே கையை விட்டது. ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் வழிய விட்டு, மறுபடியும் அள்ளியது.

“தொட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“எல்லாருந்தான் தொடுவாங்க ஆயா.”

“அப்ப யாரு தொட்டதுன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பட்டது. கடைத்தெரு மாறிப்போச்சு, காலம் மாறிப்போச்சு என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். தராசு போய் எலக்ட்ரானிக் எடை வந்தது, பொட்டலம் போய் பாக்கெட் வந்தது, காசு போய் செல்போன் வந்தது என்று பட்டியல் போடுகிறோம். யாருக்கு என்ன மாறியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பரங்கிப்பேட்டையை ஒட்டிய ஒரு சேரியிலிருந்து கடைக்குப் போய் வந்தவர்களின் வரலாற்றை நான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எங்களுக்கு நாளங்காடி, அல்லங்காடி பற்றிப் பாடம் நடந்தது. மதுரைக்காஞ்சியில் இரண்டும் வருகிறது. பகலில் கூடும் கடை நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி இருக்கிறது. பரீட்சைக்கு அங்கே என்னென்ன பண்டம் விற்றார்கள் என்று மனப்பாடம் செய்தோம். யார் யார் வாங்க வரலாம் என்ற கேள்வி வினாத்தாளில் வந்ததே இல்லை. வகுப்பில் கேட்கவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

புகார் எங்களுக்குத் தெற்கே, இதே கடற்கரையில் இருக்கிறது. அந்தக் காலத்து அங்காடியில் எங்களுக்கு என்ன இடம் இருந்தது என்று நான் ஊகம் செய்யப் போவதில்லை. பின்னால் வந்ததற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. ஆயாவின் முந்தானைக்கும் கடைப்படிக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளிக்கு வயது குறைந்தது ஆயிரம் வருஷம்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த கதை. நந்தன் கதை. நந்தனைப் பக்தன் என்றுதான் சொல்லித்தருகிறார்கள். சேக்கிழார் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் அவன். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே இருந்து முழங்கியது. கொடுத்தவன் வாசலில் நின்றான். பண்டம் உள்ளே போகலாம், பண்டத்தைச் செய்த ஆள் போகக்கூடாது. இது பக்தியின் விதி என்று நினைத்திருந்தேன். சந்தையின் விதியும் இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

*

பரங்கிப்பேட்டை சாதாரண ஊர் அல்ல. வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரம். போர்ச்சுக்கீசியர் இதற்குப் போர்ட்டோ நோவோ, புதிய துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். நம் சனங்கள் பரங்கி வந்த பேட்டை என்று வைத்த பெயர்தான் நிலைத்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இங்கே பண்டகசாலை போட்டார்கள். துணி மூட்டைகள் கப்பலேறிக் கிழக்கே போயின. போர்ட்டோ நோவோ வராகன் என்று இந்த ஊர்ப் பேரிலேயே ஒரு பொற்காசு வழங்கியது. 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியும் அயர் கூட்டும் இங்கேதான் மோதினார்கள். 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இங்கே இரும்பு ஆலை தொடங்கினார். கரி போட்டு உருக்கிய இரும்பு சீமைக்குப் போனது.

இவ்வளவு காசு புரண்ட துறைமுகத்தில் எங்களாட்கள் எங்கே இருந்தார்கள்? மூட்டை தூக்கினார்கள், கரையில் நின்றார்கள். சில சமயம் அவர்களே மூட்டையானார்கள். 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் வந்தபோது டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான ஆட்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிப் போனது. தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் அந்த வியாபாரத்தில் அடிபடுகிற பெயர்கள். உள்நாட்டிலோ ஆளை விற்கவும் அடகு வைக்கவும் ஆளோலை எழுதுகிற வழக்கம் அதற்கும் பழசு. திருவெண்ணெய்நல்லூரில் சிவபெருமானே கிழவர் வேஷத்தில் வந்து சுந்தரருக்கு எதிராக ஆளோலையைத்தான் நீட்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கடவுளையே அடிமைப் பத்திரத்தோடு வரவைத்த நாடு இது. கம்பெனி அரசாங்கம் 1843இல் ஐந்தாவது சட்டத்தைப் போட்டு, அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று சொன்னது. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆனது அதற்கும் பின்னால், 1860இன் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது.

சட்டப்படி அடிமை போனது. படியாள் வந்தான். வந்தான் என்ன, அதே ஆள்தான், பெயர் மட்டும் மாறியது.

*

படியாள் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். படி அளந்து வேலை வாங்கப்படுகிற ஆள். காசு கிடையாது. நாள் முழுக்க நாற்று நட்டால் சாயங்காலம் படிக்கணக்கில் நெல். 12 மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு உண்டு. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. ஆயா கணக்கில் ஒரே ஊரிலேயே வேறு.

“ஆண்டை ஊட்டுக்கு நாம அளக்கறப்ப குமிச்சி அளக்கணும். நமக்கு அவங்க அளக்கறப்ப தலைய தட்டிடுவாங்க. கட்ட வெரல உள்ள வுட்டுக்கிட்டு அளக்கற கைகாரனும் உண்டு” என்று ஆயா சொல்லும்.

அப்படி வாங்கிய நெல்லைத் தூக்கிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் நெல்லை வாங்கிக்கொண்டு உப்பு, புளி, மண்ணெண்ணெய் கொடுப்பார். நெல்லைத் திரும்பவும் அவர் ஒரு முறை அளப்பார். அங்கே கூலியில் ஒரு வெட்டு, இங்கே விலையில் ஒரு வெட்டு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஆயாவுக்கு ஒரு முழு ரூபாயைப் பார்ப்பதே திருவிழா. காசு கையில் இல்லாதவனுக்குக் கடைத்தெருவில் வேலை இல்லை. ஆகவே சாதி ஒருவனைக் கடைக்குள் விடாமல் தடுத்தது என்பது பாதிக் கதைதான். கூலியை நெல்லாகக் கொடுத்தது மீதிப் பாதி.

அந்தப் படிக்காக உயிரே போயிருக்கிறது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அரைப்படி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய போராட்டம் அது. அதற்கு முந்தைய வருஷம், 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று மேடைமேடையாகப் பேசினார்கள். ரூபாயாகக் கூலி வாங்குகிறவனுக்கு அந்தப் பேச்சு புரிந்திருக்கும்.

பொதுவரலாறு எழுதுகிறவர்கள் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததையும், 1960களின் தொடக்கத்தில் வீசையும் பலமும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்ததையும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்க சேரிக்கு அது பெரிய விஷயம். அரசாங்க முத்திரை குத்திய எடைக்கல் ஊருக்கு ஊர் மாறாது. ஆண்டையின் களத்தில் மரக்கால் இன்னும் பல வருஷம் ஓடியது, அது வேறு. ஆனால் கடையில் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ என்று வாதம் பண்ணவாவது முடிந்தது.

*

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் போகலாம் என்று சொன்னது. 1938இல் சிவில் தடைகளை நீக்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் நிறைவேற்றியது. இதற்குப் பிறகும் ஆயா முந்தானைதான் விரித்தது என்பதை மறக்க வேண்டாம்.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறிய நாள். அதே நாளில் இன்னொரு பிரிவும் விவாதத்துக்கு வந்தது, இன்றைக்கு அதற்கு 15 என்று எண். சாதி, மதம், பால் காரணமாக யாரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் தடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. கடை என்றால் எது எது என்று சபையில் விளக்கம் கேட்கப்பட்டது. அம்பேத்கர் பதில் சொன்னார். கடைக்குள்ளே நுழைய விடுவது என்ற குறுகிய பொருளில் இந்தச் சொல் போடப்படவில்லை என்றார். ஒருவர் தன் சேவையை நாடி வருகிற யாருக்கும் கொடுக்கத் தயாராக ஓர் இடத்தைத் திறந்து வைத்தால் அது கடை, ஆகவே வருகிறவருக்கு அவர் சேவை செய்தே ஆக வேண்டும் என்பது அவர் கொடுத்த பொருள். அப்படிப் பார்த்தால் சலவைக் கடையும் முடிவெட்டும் கடையும் கடைதான்.

இந்தப் பதிலை நான் பல தடவை படித்திருக்கிறேன். ‘நுழைவது வேறு, கிடைப்பது வேறு’ என்று அனுபவித்த ஆளுக்குத்தான் இப்படி ஒரு விளக்கம் வாயில் வரும். என் அப்பா முடிவெட்ட ஊர்த்தெருக் கடைக்குப் போனதே இல்லை. பரங்கிப்பேட்டைக்குத்தான் போவார். “இங்க போனா இன்னிக்குக் கடை லீவும்பான், அங்க போனா உக்காரும்பான்” என்பார்.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கடைக்குள் விடாமல் தடுப்பது குற்றம், பொருளை விற்க மறுப்பதும் குற்றம் என்று அது தனித்தனியாக எழுதியது. 1952லேயே நாடாளுமன்றம் போன எங்கள் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒரு குழுவைப் போட்டார்கள். நாடு முழுக்கச் சுற்றி 1969இல் அறிக்கை கொடுத்தார். டீக்கடைத் தனிக்குவளை, கிணறு, கோயில் என்று நாடு ஒழித்துவிட்டதாகச் சொன்னதெல்லாம் அப்படியே இருப்பதை அந்த அறிக்கை காட்டியது. அதன் பிறகுதான் 1976இல் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்.

மாற்றி இரண்டு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில், அப்போதைய இதே தென்னார்க்காடு மாவட்டத்தில், கடைத்தெருவில் கிளம்பிய தகராறு கலவரமாகி 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நடந்தது கிராமத்தில் அல்ல, டவுனில். டவுனுக்குப் போனால் சாதி தெரியாது என்று சொல்கிறவர்கள் விழுப்புரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்க அம்மா அப்போது சின்னப்பொண்ணு. அதற்குப் பிறகு ரொம்ப நாள் கடைத்தெருவுக்குப் பொம்பளைப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவில்லை என்று சொல்லும்.

*

அப்படியென்றால் ஆயாவின் முந்தானை எப்போது இறங்கியது? சட்டம் வந்து ஒரே நாளில் இறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல பக்கத்திலிருந்து இறங்கியது.

முதலில் பாய் கடை. பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் முஸ்லிம்கள் கடை அதிகம். சிங்கப்பூர், மலேசியா, பின்னால் வளைகுடா என்று போய்ச் சம்பாதித்த காசு புழங்கிய ஊர். ஆயாவின் கையில் முதன்முதலாக மீதிச் சில்லறையை வைத்தவர் ஒரு பாய். “கைய நீட்டும்மா, கீழ போட்டா உருண்டு ஓடிடும்” என்றாராம். அவர் பெரிய புரட்சி எதுவும் பேசவில்லை, சில்லறை உருண்டு போகக்கூடாது என்றுதான் சொன்னார். ஆயா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. அதற்காகப் பாய் கடையில் எல்லாம் சரியாக இருந்தது என்று எழுத வரவில்லை. கடையில் இருந்த சமத்துவம் வீட்டு வாசப்படி வரைக்கும்தான். ஆனால் எங்களுக்கு அந்த வாசப்படி வரைக்குமே வேறு எங்கும் கிடைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்தது மீன்கார அம்மாக்கள். கடற்கரையிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேரிக்குள்ளேயே வருவார்கள். மத்திக்கும் கருவாட்டுக்கும் நெல்லோ மல்லாட்டையோ வாங்கிக்கொள்வார்கள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறவர்களும் உண்டு, சொம்பைத் தொடாமல் கை ஏந்துகிறவர்களும் உண்டு. ஆக, எங்களைத் தேடிக்கொண்டு வந்த முதல் கடை அந்தக் கூடைதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொஞ்ச நாள் மீன் வாங்க எல்லாரும் பயந்தார்கள். கூடைக்காரர்கள் வரவில்லை. இப்போது டூ வீலரில் பெட்டி கட்டிக்கொண்டு ஆம்பளைகள் வருகிறார்கள்.

மூன்றாவது ரேஷன் கடை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. பிறகு கிராமத்துக்குக் கிராமம் ரேஷன் கடை பரவியது. 2006இல் கிலோ அரிசி இரண்டு ரூபாய், 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லை. இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரிசி வீட்டில் இருந்தால்தான் கூலி பேச முடியும். நாளைக்கு உலை வைக்க நெல் இல்லாதவன் இன்றைக்கு எவ்வளவு கொடுத்தாலும் போவான். எங்க அம்மா “இந்தக் கூலிக்கு வர முடியாது” என்று வாழ்க்கையில் முதல் தடவை சொன்னது ரேஷன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டுதான். வரிசையில் நெருக்கினால் முகம் சுளிக்கிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. ஆனாலும் அட்டைக்கு இத்தனை கிலோ என்று எழுதி வைத்த கணக்கில் யாருக்கும் தலை தட்டி அளக்க முடியாது.

நாலாவதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். பாக்கெட். ஷாம்பு, பொடி, எண்ணெயை எல்லாம் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைகளுக்கு விற்கலாம் என்று முன்னோடியாகச் செய்துகாட்டியவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி சிக் ஷாம்பு கொண்டுவந்தார். பின்னால் 50 காசுக்கே ஒரு பாக்கெட் வந்தது. இதையெல்லாம் முதலாளித்துவ நுகர்வுக் கலாச்சாரம் என்று நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஏரி குளமெல்லாம் பிளாஸ்டிக் ஆனது உண்மை. ஆனால் என் அக்கா அந்தப் பாக்கெட்டை எப்படி வாங்கியது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே விலை அச்சடித்திருக்கும். எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச விலை இது என்று 1990க்குப் பிறகு அச்சடிக்க வேண்டும் என்றானது. யாரும் அளந்து ஊற்றவில்லை, யாரும் தலை தட்டவில்லை. ஊர்த்தெருப் பெண்ணுக்கும் அக்காவுக்கும் ஒரே பாக்கெட், ஒரே விலை. கொசுறு என்று ஒன்று உண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு வெல்லம். ஊர்த்தெருக் குழந்தைகளுக்குக் கடைக்காரர் கொசுறு கொடுப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். பாக்கெட்டில் கொசுறு யாருக்குமே கிடையாது. அதில் எங்களுக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது.

*

இப்படியாக, பண்டம் வாங்குகிற விஷயத்தில் மூன்று தலைமுறையில் நாங்கள் முந்தானையிலிருந்து பிளாஸ்டிக் கூடைக்கு வந்துவிட்டோம். கதை இதோடு முடிந்தது என்று நினைத்தால் அது தப்பு.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது எல்லாக் கடை வாசலிலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் நில், தொடாதே, தள்ளி நில் என்றார்கள். அதற்குச் சமூக இடைவெளி என்று பெயரும் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது புதுசு, திணறிப்போனார்கள். எங்க சின்னம்மா, “நமக்கு இது பழைய வட்டந்தான்டா” என்று சொல்லிவிட்டு நேராகப் போய் நின்றது. இப்போது செல்போனில் பணம் அனுப்புகிறோம். அட்டையைக் காட்டுகிறார்கள், படம் பிடிக்கிறோம், பணம் போய்விட்டது என்று பெட்டி சத்தமாகச் சொல்கிறது. கையோடு கை படவே தேவையில்லை. காசின்மேல் தண்ணி தெளித்த அந்தப் பழைய கடைக்காரர் இருந்திருந்தால் இந்த மிஷினைக் கும்பிட்டிருப்பார். டீக்கடையில் பேப்பர் கப் வந்ததும் இப்படித்தான். தனிக்குவளை போனது என்றார்கள். எல்லாருக்கும் தூக்கி எறிகிற குவளையைக் கொடுத்துவிட்டால் யார் குடித்த குவளையை யார் கழுவுவது என்ற கேள்விக்குப் பதிலே சொல்ல வேண்டியதில்லை.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்கப் போன தலித் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தின்பண்டம் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியதை நாடே வீடியோவில் பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம் என்று வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்குத் திருத்தமும் தெரியாது, கட்டுப்பாடும் தெரியாது. அவர்கள் கையில் காசு இருந்தது, கடை திறந்திருந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அம்பேத்கர் 1948இல் சொன்ன கடையும் அவ்வளவுதான்.

*

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் வாங்குவது பற்றி. விற்பது? எங்கள் பக்கத்தில் கடைத்தெருவை நடந்து பாருங்கள். வாங்குகிறவர்களில் எங்களாட்கள் நிறைய. கல்லாவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், விரல் மிஞ்சும். 1999இல் உழவர் சந்தை வந்தது, நல்ல திட்டம்தான், இடைத்தரகு இல்லை. பயிரிடுகிறவர் என்ற அட்டை வேண்டும். நிலம் இல்லாமல் களை எடுத்தவளுக்கும் அறுத்தவளுக்கும் அட்டை கிடையாது.

என் அண்ணி 2018இல் ரோட்டோரம் இட்லிக் கடை போட்டது. கைப்பக்குவம் உள்ள கை. முதல் வாரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவர், “எந்தத் தெரும்மா?” என்று கேட்டார். அண்ணி தெருவைச் சொன்னது. மூன்றாவது வாரம் காலனி ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். நாலு மாசத்தில் அடுப்பை அணைத்துவிட்டோம். இதை எந்தப் பிரிவில் கேஸ் போடுவது? கடைக்காரர் விற்க மறுத்தால் குற்றம். வாங்க வேண்டியவர் வராமல் போனால்? நாடி வருகிறவருக்கு மறுக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நாடி வா என்று யாரையும் சொல்ல முடியாது. அவருக்குப் பசி இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

அண்ணி விடவில்லை. கிரைண்டர் ஒன்று கடனுக்கு வாங்கி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் கட்டியது. அதை ஒரு மளிகைக் கடைக்குப் போடுகிறது. நல்ல மாவு, தினமும் தீர்ந்துவிடுகிறது. ஊர்த்தெரு வீடுகளில் தோசையாகிறது. பாக்கெட்டில் பெயர் இல்லை, ஊர் இல்லை. கடைக்காரருக்குத் தெரியும், அவர் சொல்வதில்லை. அண்ணி மாவைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகவே வந்துவிடும்.

ஒருநாள் நான் நந்தன் கதையை எடுத்துச் சொன்னேன். உன் மாவு உள்ளே போகிறது, நீ வெளியே நிற்கிறாய் என்றேன். பெரிதாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. அண்ணி கிரைண்டரை நிறுத்திவிட்டு, “கதை கெடக்குது தம்பி, ஆபீஸ்ல லைசென்சு கேக்கறாங்க, பாக்கெட் மேல செஞ்சவங்க பேரும் அட்ரசும் அடிக்கணுமாம்” என்றது. எங்கள் அட்ரசில் அம்பேத்கர் பெயர் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

அண்ணன் வேண்டாம் என்றார், அண்ணியின் அம்மா வீட்டு அட்ரஸ் டவுனில் இருக்கிறது, அதைப் போடலாம் என்றார். இரண்டு நாள் பேச்சு நடந்தது. அண்ணி எங்கள் அட்ரசையே அடித்தது, கொஞ்சம் பெரிய எழுத்தில். முதல் நாள் 20 பாக்கெட் போட்டதில் 12 திரும்பி வந்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் மூன்று வீட்டிலும் தோசை. மறுநாள் 9 திரும்பியது. அதற்கடுத்த நாள் 10. இதை நான் எழுதும்போது திரும்பி வருவது 6, 7 என்று நிற்கிறது. கடைக்காரர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லலாம். குறைகிற எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, அந்த ஆறேழு பேர் யார் என்று யோசிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி இரண்டும் செய்வதில்லை. மறுநாளைக்கு அரிசி ஊறப்போடுகிறது.

யாரு தொட்டதுன்னு எப்பிடித் தெரியும் என்று ஆயா கேட்டது. ஆயா 2019இல் செத்துப்போச்சு, இந்தப் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. தெரியாமல் இருந்ததால்தான் சூப்பர் மார்க்கெட் அரிசியை எல்லாரும் வாங்கினார்கள். தெரிந்தும் வாங்குகிற நாள் ஒன்று வர வேண்டும், அதுதான் கடைத்தெரு மாறிய நாள் என்று நான் எழுதி வைப்பேன். அதுவரைக்கும் நடந்ததை எழுதுவோம். தோழர்களே, உங்கள் ஊர்க் கடைப்படி எவ்வளவு உயரம், உங்கள் ஆயாவும் அம்மாவும் எதில் ஏந்தி வாங்கினார்கள், யார் முதலில் கையில் சில்லறை வைத்தார்கள், உங்களில் யார் கடை போட்டு யார் மூடினீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆயாக்கள் இருக்கும்போதே கேளுங்கள்.